வடிகாலுக்கும் வேண்டும் தனித் திட்டம்!

2022 நவம்பர் 11-ம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ மழை கொட்டியது. ஓர் ஏக்கரில் விழுந்த தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர்! சம்பா, தாளடிப் பயிர்கள் மூழ்கின.

உப்பனாற்றை நம்பியுள்ள வயல்களின் தண்ணீர், வடிகால் வாய்க்கால்களில் இறங்கி, திருமுல்லைவாசலில் கடலைச் சேர வேண்டும். வழியில் ஓரிடத்தில் ஆகாயத்தாமரை அடைத்தாலும் மேலேயுள்ள வயல்களில் தண்ணீர் தேங்கும். கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்திலும் வெள்ளம் எதிர்த்து நிற்கும்.

மேல்பகுதியை மட்டும் தூர்வாரினால் தண்ணீர் விரைந்து வந்து கீழேயுள்ள ஊரை மூழ்கடிக்கும். எனவே, முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி வேலை நடப்பதே முறை. இதற்கு ஊர் ஊராக நிதி ஒதுக்கினால் போதாது. வடிநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் தேவை.

பக்கத்து வெண்ணாறு உபவடிநிலத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகியவற்றின் கரைகளைப் பலப்படுத்தவும், மதகுகளைச் சீரமைக்கவும் 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது.

மேட்டூர் அணை திறப்புக்கு முன்பே தூர்வாரும் பணிகள் முடிவாகிவிடும். ஆகவே, மார்ச் 22 கிராம சபையிலேயே கோரிக்கை வைப்பது நல்லது. எந்த வடிகால், எங்கே அடைப்பு, எத்தனை ஏக்கர் பாதிப்பு என எழுதி, ஒரே வடிகாலில் உள்ள ஊராட்சிகள் எல்லாம் ஒரே தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு வலு கூடும்.