ஓர் ஆளின் எடை

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் சீனவலை இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், முதலில் கண்ணை நம்ப முடியாது. பத்து மீட்டருக்கும் குறையாத உயரத்தில் மரச்சட்டம், ஏறத்தாழ இருபது மீட்டர் அகலத்துக்கு விரிந்த வலை. அதைத் தண்ணீரில் இறக்க எந்திரம் எதுவும் கிடையாது. ஓர் ஆள் நடுமரத்தின் மேல் ஏறிக் கடல் பக்கமாக நடக்கிறார். அவ்வளவுதான், வலை மெல்லச் சாய்ந்து நீருக்குள் போகிறது. மறுபக்கம், வெவ்வேறு நீளக் கயிறுகளில் கனத்த கற்கள் தொங்குகின்றன. ஐந்தாறு பேர் சேர்ந்து வலையைத் தூக்கும்போது, அந்தக் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து அமர்ந்து எடையைச் சமன் செய்கின்றன.

இத்தனை பெரிய அமைப்பைச் சாய்க்க ஓர் ஆளின் எடை போதும் என்றால், அது அவ்வளவு நுட்பமாகச் சமன்பட்டு நிற்கிறது என்று பொருள். 13 வயதுப் பிள்ளைகளின் மூளையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வலைதான் நினைவுக்கு வரும்.

அதற்குக் காரணம் பக்கத்து மட்டாஞ்சேரியில் ஒரு ஜூன் மாத மாலையில் பார்த்த காட்சி. மழை விட்டிருந்தது. காயல் நீர் செம்மண் நிறத்தில், ஆகாயத்தாமரைக் கொத்துகளைச் சுமந்துகொண்டு ஓடியது. படகுத்துறையை ஒட்டி ஐந்தாறு பையன்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்துக் கரையேறினார்கள். கடைசியாக நின்றவனுக்கு 13 வயதிருக்கும். நீருக்கடியில் பழைய மரக்குற்றிகள் நிற்கும் இடம் அது. அவன் கீழே பார்த்தான். ஓரடி பின்வாங்கினான். மறுபடி பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி நண்பர்களைப் பார்த்தான். குதித்துவிட்டான்.

நல்லவேளை, முழங்காலில் ஒரு சிராய்ப்போடு ஏறி வந்தான். அவனுடைய பாட்டி ஓடி வந்தார். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காகக் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியில் வந்தவர். இன்றும் ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் அவர்கள் தொழில் நடக்கிறது. "அறிவிருக்காடா உனக்கு? என்னடா நெனச்சுக் குதிச்சே?" என்றார். அவன் ஈரம் சொட்டச் சொட்டச் சொன்னான்: "கீழ பாத்தேன் பாட்டி, பயமா இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன், எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

பல ஆண்டு ஆய்வுகள் வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறக்குறைய இதுதான்.

'அறிவிருக்கா?' என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி. ஆனால் அறிவு இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. அமைதியான சூழலில் யோசித்து முடிவெடுக்கும் திறன், 16 வயதை ஒட்டியே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. தன்னைக் கட்டுப்படுத்துவது, பின்விளைவை எண்ணிப் பொறுப்பது, கூட்டத்தின் இழுப்பை எதிர்ப்பது ஆகியவை 18-ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அறிவு முன்னால் போய்விடுகிறது, நிதானம் பின்னால் வருகிறது. இடையில் சில ஆண்டுகள் இடைவெளி. நம் கவலையெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்னும் வியப்பான ஒன்று. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அபிகாயில் பேர்டும் ஜொனாதன் ஃபூகல்சாங்கும் பதின்பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் மிக எளிய கேள்விகளைக் கேட்டார்கள். 'சுறாக்களோடு நீந்துவது நல்ல யோசனையா?' 'தலைமுடிக்குத் தீ வைத்துக்கொள்வது நல்ல யோசனையா?' எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொன்னார்கள். ஆனால் பதில் சொல்ல அதிக நேரம் எடுத்தவர்கள் இளையவர்கள். நொடியில் ஒரு சிறு பங்குதான் வித்தியாசம், ஆனாலும் அது பேசுகிறது. பெரியவர்கள் யோசிக்கவே இல்லை. சுறா என்றதும் உடம்பே 'வேண்டாம்' என்றது. இளையவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள். அவர்கள் யோசிப்பதே இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். சில வேளைகளில், யோசிக்கவே தேவையில்லாத இடத்திலும் அவர்கள் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். அனுபவம் தருவது, நின்று கணக்குப் போடாமலே விலகுகிற அந்த உடனடித் தெளிவைத்தான்.

இதற்கு மூளையின் வளர்ச்சியிலேயே காரணம் உண்டு. அதே 2004-இல் நிதின் கோக்டேயும் சக ஆய்வாளர்களும், 13 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அசைவு, புலன் போன்ற அடிப்படை வேலைகளைச் செய்யும் பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் நெற்றிப் பகுதி கடைசி வரிசையில் நிற்கிறது. அந்த முதிர்ச்சி இருபதுகளிலும் தொடர்கிறது. ஆனால் பரிசு, பாராட்டு, புதுமை ஆகியவற்றுக்குத் துள்ளி எழும் ஆழ்மூளைப் பகுதியோ பூப்புப் பருவத்திலேயே கூர்மையாகிவிடுகிறது. வலை முழுதாக விரிந்துவிட்டது, கற்கள் எல்லாம் இன்னும் கட்டி முடியவில்லை.

இந்த நிலையில் ஓர் ஆள் மரத்தின் மேல் நடந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பர்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. கணினியில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. எந்த நொடியிலும் குறுக்கே சுவர் முளைக்கலாம். முளைத்தால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், கல்லூரி வயதினர், 24-ஐத் தாண்டியவர்கள் என மூன்று குழுக்கள். ஒவ்வொன்றிலும் சிலர் தனியாகவும் சிலர் தம் வயதினரோடும் ஆடினார்கள். பெரியவர்களின் ஆட்டத்தை நண்பர்கள் பெரிதாக மாற்றவில்லை. பிள்ளைகளோ, நண்பர்கள் அருகிலிருந்தபோது கூடுதலாகத் துணிந்தார்கள். 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதன் உட்புறத்தைக் காட்டியது. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது, பதின்பருவத்தினர் மூளையில் பரிசுக்கு எழும் பகுதி கூடுதலாக ஒளிர்ந்தது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

படகுத்துறையில் அந்தப் பையனின் பயம் பொய்யில்லை, கணக்கும் தப்பில்லை. ஐந்து ஜோடிக் கண்களின் எடை மறுபக்கம் ஏறியது.

இதை இயற்கையின் பிழை என்று நான் நினைக்கவில்லை. ஓர் உயிர் தாய்வீட்டை விட்டு வெளியே போகக் கற்கும் பருவம் இது. புதியதில் இன்பமும் தோழர்களின் ஏற்பில் தீராத பசியும் இல்லாவிட்டால் யார்தான் வாசலைத் தாண்டுவார்கள்? கொங்கணிகளும் குஜராத்திகளும் யூதர்களும் தமிழர்களும் எங்கெங்கிருந்தோ வந்து குடியேறி உண்டாக்கிய ஊர் மட்டாஞ்சேரி. முன்பின் தெரியாத கரைக்குப் போகத் துணிந்தவர்களால்தான் இந்தத் தெருக்கள் உண்டாயின. பிள்ளைகளிடமிருந்து அந்தத் துணிவைப் பிடுங்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் கல் கட்ட உதவினால் போதும்.

எப்படிக் கட்டுவது? முதல் கல், முன்கூட்டியே பேசி வைப்பது. கொதிக்கும் நேரத்தில் சொல்லும் புத்தி உள்ளே இறங்காது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு வழி உண்டு. 'இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்' என்று ஆறின மனத்தோடு ஒரு வாக்கியத்தை முடிவு செய்துவைப்பது. 'கவனமாக இருப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட இது பல வேலைகளில் நன்றாக உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தருணம் வரும்போது புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இரண்டாவது கல், சின்ன முடிவுகளைக் கையில் கொடுப்பது. மாதச் செலவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, பத்தாம் தேதியே தீர்ந்துபோனால் திட்டாமல், மேற்கொண்டும் கொடுக்காமல் இருப்பது. தவறு செய்தாலும் ஆபத்தில்லாத இடங்களில் தவறு செய்ய விடுவது. எல்லாவற்றையும் நாமே தீர்மானித்துவிட்டு, 18 வயதில் திடீரென்று 'நீயே யோசி' என்றால் அந்தப் பிள்ளை எதை வைத்து யோசிக்கும்?

மூன்றாவது கல், பக்கத்தில் கொஞ்சம் மூத்தவர் ஒருவர். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தம் வயதினர் மட்டுமே இருந்த குழுவில் இளைஞர்கள் அதிகம் துணிந்தார்கள். சில ஆண்டுகள் மூத்த ஒரே ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்ததும், தனியாக இருக்கும்போது எடுத்த அளவுக்கே நிதானமான முடிவுகளை எடுத்தார்கள். இங்கும் ஓர் ஆளின் எடைதான், ஆனால் மறுபக்கத்தில்.

நான்காவது, கூட்டத்தையே கல்லாக்குவது. கேரளத்தில் இதற்குக் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காவல்துறை அதிகாரி பி. விஜயன் முன்னெடுத்த மாணவர் போலீஸ் கேடட் திட்டம் 2010 ஆகஸ்ட் 2-இல் இந்த மாநிலத்தில் தொடங்கியது. 2018-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. எட்டாம் வகுப்பில், அதாவது சரியாக அந்த 13 வயதில், பிள்ளைகள் இதில் சேர்கிறார்கள். அணிவகுப்பு, முகாம், சமூகப் பணி, கூடவே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். 'நண்பர்கள் பார்க்கிறார்கள்' என்ற அதே பசிக்கு இங்கே வேறு தீனி கிடைக்கிறது. தோழர்களின் கண்களுக்கு முன்னால் துணிச்சலைக் காட்ட, காயலில் குதிப்பதைத் தவிரவும் வழி இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவதே பெரிய விஷயம்.

அன்று படகுத்துறையில் பாட்டி இதையெல்லாம் படித்திருக்கவில்லை. பேரனின் பதிலைக் கேட்டதும் அவர் கோபம் இறங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, இந்த முறை மெதுவாக, வேறொரு கேள்வி கேட்டார்: "சரி, அடுத்த தடவ பயமா இருந்தா என்ன செய்வே?"

அவன் நெடுநேரம் யோசித்தான். "பாட்டி கூப்பிடுது, துணி மடிக்கணும்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"சொல்லு. நான் கூப்பிட்டேன்னே சொல்லு" என்றார் பாட்டி. ஒரு கல்லைக் கட்டிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.