7/25: அச்சோவியம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

அசல் அச்சோவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த மாதம் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவு இது. அதன் பிறகு வந்த வாசகர் கடிதங்களில் குழப்பமே மிகுதி. பொது அச்சு ஸ்டுடியோவின் விற்பனைக் கண்காட்சியில் ஒரு எட்சிங்கைப் பார்த்து வைத்திருக்கிறேன், 22 வரை பொறுக்கலாமா என்று கேட்டார் ஒருவர். அச்சு என்றாலே நகல்தானே, அது எப்படி ‘அசல்’ பட்டியலில் சேரும் என்றார் இன்னொருவர். படத்தின் கீழே பென்சிலில் 7/25 என்று இருக்கிறதே, அது என்ன கணக்கு என்று கேட்டு நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

22 வரை பொறுத்ததில் லாபமா?

ஜிஎஸ்டி போட்டு பில் தரும் கேலரியில் வாங்கியவருக்கு லாபம்தான். 10,000 ரூபாய் பிரிண்டில் 700 ரூபாய் மிச்சமானது. ஸ்டுடியோவில் கலைஞரிடம் நேரடியாக வாங்கினால் கதை வேறு. மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பிரிண்ட் போட்டு அந்தத் தொகையைத் தொடுபவர்கள் மிகச் சிலரே. பதிவில்லாதவர் உங்களிடம் வரி வாங்குவதில்லை. அவரிடம் 21-ம் தேதியும் அதே விலை, 23-ம் தேதியும் அதே விலை. காகிதம், மை, ஜிங்க் பிளேட் வாங்கும்போது அவர் கட்டிய வரியும் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. கலை மலிவாகிறது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, அது போய்ச் சேராத இடம் இந்த ஸ்டுடியோக்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு எப்படி அசல் ஆகும்?

சுங்கக் கட்டண அட்டவணையின் 97-ம் அத்தியாயம் இதற்கு வரையறை தருகிறது. கலைஞர் முழுக்கத் தன் கையால் உருவாக்கிய தகட்டிலிருந்தோ தகடுகளிலிருந்தோ நேரடியாக எடுத்த பிரதிதான் அசல் அச்சோவியம். கறுப்பு வெள்ளையாக இருக்கலாம், வண்ணத்திலும் இருக்கலாம். எந்த முறை, எந்தப் பொருள் என்பதும் தடையில்லை. இயந்திர முறையும் ஒளிப்பட முறையும் மட்டும் கூடாது. இந்த வரையறை டெல்லியில் எழுதப்பட்டதல்ல, உலக நாடுகள் பின்பற்றும் பொது அட்டவணையிலிருந்து வந்தது.

படிக்கத் தெளிவாக இருக்கிறது. ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோனால் அவ்வளவு தெளிவில்லை. இன்று ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவர்களில் பலர் திரையில் ஒளிப்பசை பூசி, வெளிச்சம் காட்டித்தான் உருவத்தை ஏற்றுகிறார்கள். அந்த உருவத்தை அவர்கள் கையாலேயே வரைந்திருந்தாலும் ஒளிப்பட முறை என்ற சொல்லைக் காட்டி ஓர் அதிகாரி மறுக்க முடியும். மறுபக்கம், தகட்டைக் கலைஞர் செய்துவிட்டால் போதும், அதிலிருந்து எத்தனை பிரதி எடுத்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. 25 போட்டாலும் அசல், 2,500 போட்டாலும் அசல். எண்ணிக்கை பற்றி இந்த வரையறையில் ஒரு சொல்கூட இல்லை. வாங்குகிறவர் பணம் கொடுப்பதோ அந்த எண்ணிக்கையை நம்பித்தான்.

7/25 என்றால் என்ன?

25 பிரதிகள் கொண்ட எடிஷனில் இது ஏழாவது. ஏழாவதாக அச்சானது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஈரம் காய்ந்த பிறகு அடுக்கிலிருந்து எடுத்து எண் போடுவதால் வரிசை மாறிவிடும். சிறிய எண்ணுக்குக் கூடுதல் விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏன் 25? தகடு அதற்கு மேல் தாங்காது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். சில முறைகளில் அது உண்மை. ஊசியால் நேராகக் கீறும் டிரைபாயின்ட் தகட்டில் கீறலின் ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறில்தான் மை தங்கி அந்த மெத்தென்ற கறுப்பைத் தருகிறது. பிரஸ்ஸின் அழுத்தத்தில் இருபது முப்பது பிரதிக்குள் பிசிறு மடங்கிவிடும். ஆனால் அமிலத்தில் அரித்த எட்சிங் தகட்டுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. செப்புத் தகட்டின் மேல் மின்முலாமாக மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றினால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். மரச்செதுக்கும் அப்படித்தான். ஆகவே பெரும்பாலான பிரிண்ட்களில் 25 என்பது தகடு சொன்ன எண் அல்ல. கலைஞர் எடுத்துக்கொண்ட முடிவு, வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு.

இந்த வாக்குக்கு வயதும் குறைவு. பிரதிகளை எண்ணிக் கட்டுப்படுத்தும் பழக்கம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. 1669-ல் ஓவியர் ரெம்ப்ராண்ட் இறந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தும் அவருடைய தகடுகளிலிருந்து பாரிஸில் பிரதிகள் எடுத்து விற்றார்கள். ஓவியர் கோயாவின் ‘போர்க் கொடுமைகள்’ அச்சோவிய வரிசை முதன்முதலாக எடிஷனாக வெளிவந்தது 1863-ல். அப்போது அவர் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாக்கைக் காப்பாற்ற ஸ்டுடியோக்கள் கண்ட வழி தகட்டை ரத்து செய்வது. கடைசிப் பிரதி எடுத்ததும் தகட்டைத் துடைத்துவிட்டு, முக்கிய உருவத்தின் குறுக்கே ஊசியால் ஆழமாக ஒரு கோடு இழுப்பார்கள். மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுவதும் உண்டு. கவனமான ஸ்டுடியோ அத்தோடு விடாது. கீறிய தகட்டுக்கு மறுபடி மை பூசி ஒரு பிரதி எடுத்து, சாட்சியாகக் கோப்பில் வைக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

இந்த ரத்தை வேலைக்குள்ளேயே வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. லினோலியப் பலகை ஒன்றே ஒன்று. முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு 25 தாளிலும் மஞ்சளை அச்சிடுகிறார்கள். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்து, மீதிப் பரப்பில் சிவப்பு பூசி அதே 25 தாள். மறுபடி செதுக்கல், அடுத்து கறுப்பு. கறுப்பு முடியும்போது பலகையில் கறுப்புக் கோடுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். மஞ்சளுக்கான பரப்பு உலகத்திலேயே இல்லை. 26-வது பிரதியைக் கலைஞரே நினைத்தாலும் எடுக்க முடியாது. 1950களின் இறுதியில் பிக்காசோ தெற்கு பிரான்ஸில் இருந்தபடி இந்த முறையில் ஏராளமாகச் செய்து அதற்குப் புகழ் தேடித் தந்தார். எண்ணை நம்பச் சொல்லாமல் நிரூபித்தே காட்டும் வேலை இது.

அப்படியானால் 25 என்றால் 25 தானே?

இல்லை. என்னை உறுத்தும் இடம் இதுதான். எண்ணுக்கு வெளியே ஏ.பி. என்று குறித்த பிரதிகள் இருக்கும். அவை கலைஞர் தனக்கென வைத்துக்கொள்பவை. எடிஷனில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம், விதி அல்ல. பிரஸ் ஓட்டியவருக்கு ஒன்று, எல்லாப் பிரதிகளும் இதைப் போல வர வேண்டும் என்று கலைஞர் ஒப்பமிட்டுக் கொடுத்த மாதிரி ஒன்று, சோதனைப் பிரதிகள் சில. 25 என்று எழுதிய பிரிண்ட் வெளியே 32 ஆக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் இதில் தவறே இல்லை. காட்டாவிட்டால், கீழே எழுதிய எண் அரை உண்மை.

கையெழுத்தும் காப்பாற்றாது. 1974-ல் அந்தோராவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியை பிரெஞ்சுச் சுங்கத்துறை மறித்தபோது, உள்ளே ஓவியர் சால்வதோர் தாலி கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. கையெழுத்து அசல்தான், படம்தான் இன்னும் அச்சாகவில்லை.

எண்ணுக்கு வெளியே உள்ள பிரதிகளில் ஒன்று மட்டும் நமக்கெல்லாம் உரியது, அதாவது ஸ்டுடியோவுக்கென ஒதுக்கும் பிரதி. பிரஸ் பெரிய முதலீடு, பல கலைஞர்களால் தனியாக வாங்க முடியாதது. அதனால்தான் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் கிராஃபிக் ஸ்டுடியோ, டெல்லியில் கர்ஹி, 1999-ல் வடோதராவில் தொடங்கிய சாப் போன்ற பொது இடங்கள் தேவைப்படுகின்றன. பொது பிரஸ்ஸில் வேலை செய்தவர் ஒரு பிரதியை அங்கேயே விட்டுச் செல்வது உலகின் பல ஸ்டுடியோக்களில் உள்ள நல்ல பழக்கம். நியூயார்க்கில் ராபர்ட் பிளாக்பர்ன் 1940களின் இறுதியில் தொடங்கிய அச்சுப் பட்டறை இதற்குப் பெரிய உதாரணம். ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர் அவர். பட்டறைக் கதவை எல்லோருக்கும் திறந்து வைத்தார். வாடகை தர முடியாதவரும் அங்கே அச்சுக் கல்லில் வரைந்தார். அவர்கள் விட்டுச் சென்ற பிரதிகள் பல்லாயிரமாகச் சேர்ந்தன. அதில் பெரும் தொகுதி ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போனது. பட்டறையின் ஐம்பதாண்டு வேலையை அந்த நூலகம் கண்காட்சியாகவே வைத்தது. பெயர் தெரியாமல் போயிருக்கக்கூடிய எத்தனையோ பேரின் படத்தை இன்று எவரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

நம் ஊரில் ஸ்டுடியோ பிரதிகள் இருந்தால் அவை பெரும்பாலும் தட்டையான இழுப்பறைக்குள் கிடக்கின்றன. கண்காட்சி நடக்கும் பத்து நாளில் பார்த்தால் உண்டு. எடிஷன் பதிவேட்டையும் அந்தப் பிரதிகளையும் வாரம் ஒரு நாளாவது பொதுமக்கள் புரட்டிப் பார்க்கத் திறந்து வைத்தால், வாங்குபவருக்கு எண் சரிபார்க்கும் வழி கிடைக்கும், வாங்க வசதியில்லாதவருக்குப் படம் கிடைக்கும். பொதுப்பணத்தில் நடக்கும் ஸ்டுடியோ இதைச் செய்தே ஆக வேண்டும். வரிச்சலுகையை விட இது அதிகம் உதவும்.

கலைஞர் தகடு செய்து, வேறொருவர் அச்சிட்டால்?

அசல்தான். தகடு யார் கையால் ஆனது என்பதே கேள்வி.

ஓவியத்தை ஸ்கேன் செய்து உயர்தரத் தாளில் இங்க்ஜெட்டில் எடுத்து எண் போட்டுத் தருகிறார்களே?

நல்ல நகல், அவ்வளவுதான். 5 சதவீதத் தலைப்பில் சேராது.

பாட்டி வீட்டு ரவிவர்மா படம்?

1894-ல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் கைவினைஞர்கள் கல்லுக்கு மாற்றி எடுத்த படங்கள் அவை, இந்த வரையறைக்குள் வராது. நூறாண்டு தாண்டியவை தொல்பொருள் என்ற வேறு தலைப்பில் வரும்.

பில்லில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

முறை, ஆண்டு, எடிஷன் எண்ணிக்கை, ஏ.பி. எத்தனை, தகடு ரத்தானதா. ஐந்தும் வேண்டும்.

பிரேம் போடும்போது ஓரத்தை வெட்டலாமா?

கூடாது. எண், கையெழுத்து, தகடு அழுந்திய தடம் எல்லாமே அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. பசை போட்டு அட்டையில் ஒட்டவும் விடாதீர்கள்.