கோவைக்குப் போன அம்பாசிடரும் உடுமலைக் கடைச் சரக்கும்



தேங்கிய சரக்கை என்ன செய்வது என்பது பற்றி நம் இதழில் அவ்வப்போது எழுதப்படுகிறது. பருப்பில் வண்டு விழும், எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும், பாக்கெட் சரக்குக்குத் தேதி முடியும். ஆகவே மளிகைக்காரர் யோசனை எல்லாம் சீக்கிரம் தள்ளிவிடுவது பற்றித்தான். ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்த ஒரு கடைச் சரக்குக்கு விலை வைக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன், இவ்வாண்டு தை மாதம் கோவையில் நடந்த பழைய கார் வைத்திருப்போர் கூட்டத்திற்கு நான் போனதைச் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது 1971 மாடல் அம்பாசிடர் மார்க் 2. கியர், ஸ்டியரிங்குக்கு அடியில் கையால் போடுவது. 1979-ல் என் தகப்பனார் அதைப் பழைய விலைக்கு வாங்கினார்கள். அப்போது எனக்கு 20 வயது. அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் என்று வாரம் நான்கு நாள் வசூலுக்கு அந்தக் கார்தான். டிக்கியில் சாம்பிள் பைகள், திரும்பும்போது இரண்டு மூடை வற்றல், பின் சீட்டில் வழியில் ஏறிக்கொண்ட கடைக்காரர் மூவர். நம்மில் பலருக்கு இப்படி ஒரு அம்பாசிடர் நினைவு இருக்கும். வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1957 முதல் தயாரானது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. வசூலுக்கு இப்போது ஆள் போவதில்லை, போன் வழியாகவே பணம் வந்துவிடுகிறது. ஆனாலும் வாரம் ஒரு முறையாவது நான் அதை எடுக்காமல் இருப்பதில்லை.

இந்தக் காருக்கு வரும் பங்குனியில் பதிவு முடிகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. ஐந்து வருடத்திற்கு ஒரு முறை இதைக் கட்ட வேண்டும், பசுமை வரி தனி. இன்னொரு வழியும் உண்டு. 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்யலாம் என்று 2021 ஜூலையில் விதி வந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க 5,000. பத்து வருடக் கணக்குப் போட்டால், பசுமை வரியை ஒதுக்கிவிட்டு, இரண்டு வழியும் ஒரே செலவுதான். ஆனால் வி.ஏ. எண் போட்ட வண்டியை அன்றாட உபயோகத்திற்கோ தொழிலுக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். எந்த வழியில் போவது என்பதை நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கோவைக்குப் புறப்பட்டேன்.

மகனுக்கு இதில் சம்மதமில்லை. "அப்பா, என் கார்ல போயிட்டு வாங்க. அறுபத்தேழு வயசுல அந்த ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டு எதுக்கு?" என்றான். பழைய கார் கூட்டத்துக்குப் புதுக் காரில் போய் என்ன பேசுவது? டாக்டர் சான்று கொடுத்து லைசென்ஸ் சென்ற வருடம்தான் ஐந்து வருடத்திற்குப் புதுப்பித்திருக்கிறேன். துணைக்கு என் மைத்துனர் வந்தார். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு விருதுநகரிலிருந்து எடுத்தோம். டைனமோ வண்டிக்கு இருட்டில் விளக்கு மங்கல், ஆகவே அதற்கு முன் எடுக்கவில்லை.

மதுரை, திண்டுக்கல் வரை நான்கு வழிச் சாலையில் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் நான் போகவில்லை. லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடித்து முந்தினார்கள். திண்டுக்கல்லில் பலகாரம் முடித்து ஒட்டன்சத்திரம் வந்தோம். காய்கறி மார்க்கெட்டில் கேரளத்திற்குப் போகும் முருங்கையும் தக்காளியும் ஏறிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் நின்று விலை விசாரித்தோம், அது தொழில் பழக்கம். பழநி தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. இந்தப் பழநிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில்தான் ஜி.டி. நாயுடு அவர்கள் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் ஆரம்பித்தார்கள். அதே ரோட்டில், மடத்துக்குளம் தாண்டி, எங்கள் கார் நின்றது.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைப்பது அம்பாசிடரில் வழக்கமான சங்கதி. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் சரியாகும். சுற்றினோம், நாலு கிலோமீட்டர் ஓடியது, மறுபடி நின்றது. இந்தத் தடவை மைத்துனர் குனிந்து பார்த்து, "அத்தான், பம்பு அடியில சொட்டுது" என்றார். ஏ.சி. பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. வயதான ரப்பர், இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதம் கலப்பதால் பழைய கால ரப்பருக்கு ஆயுள் இன்னும் குறைவு. மைத்துனரைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு ஒரு ஆட்டோவில் உடுமலைப்பேட்டைக்குப் போனேன். மூன்று பெரிய உதிரிபாகக் கடைகளில் அம்பாசிடர் என்றதும் சிரித்தார்கள். நாலாவது இடமாக ஆட்டோக்காரரே பழைய பஜாரில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார்.

பத்துக்கு இருபது அடிக் கடை. கடைக்காரருக்கு என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். "எந்த ஊருங்க? மார்க் டூவா? இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார். அதில் டயஃப்ரம் கிட் ஐந்து. ஒன்றை எடுத்து விரலால் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது ஆகாது" என்று கீழே போட்டார். இரண்டாவதும் ஆகவில்லை. மூன்றாவதைத்தான் என் கையில் கொடுத்தார். ஐந்தையும் என் தலையில் கட்டியிருக்கலாம், அவசரத்தில் நான் வாங்கியிருப்பேன். பெட்டியில் ஒட்டிய பழைய சீட்டில் 22 ரூபாய் என்று இருந்தது. அவர் கேட்டது 400. எனக்கு அது நியாயமாகவே பட்டது. முப்பது வருடத்திற்கு அந்த இடத்துக்கு வாடகை யார் கொடுத்தது?

பேச்சு அப்படியே வளர்ந்தது. கடை ஆரம்பித்தது 1974-ல். அன்று உடுமலை டாக்சி ஸ்டாண்டில் நின்றதெல்லாம் அம்பாசிடர்தான், அதற்காகவே சேர்த்த சரக்கு. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கட்டிடக்காரர் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், மொத்தம் 60,000 என்று சொல்லியிருக்கிறார். "மூணு லட்சத்துக்காச்சும் போகணுங்க. ஆனா கேக்கறதுக்கு ஆள் இல்லீங்களே" என்றார். நான் அந்த அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தேன். டை ராட் எண்ட், பிரேக் சிலிண்டர், டைனமோ பிரஷ், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றிய சுற்று அவிழாமல் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் அவர் கையெழுத்தில் இருப்புச் சீட்டு, விற்ற தேதியோடு. இப்படி இருப்பு எழுதும் கடைகள் நம்மில் எத்தனை என்று யோசித்துக்கொள்ளலாம்.

அவரே ஒரு மெக்கானிக்கையும் அனுப்பினார். அந்தத் தம்பி முதலில் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும், அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும் என்று விளக்கி, ஆயிலையும் மாற்றினார். மாலை ஆறரைக்குக் கோவை போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிறு காலை ஒரு கல்லூரி மைதானத்தில் நாற்பது வண்டிகளுக்கு மேல் நின்றன. மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபியட் 1100, சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடருக்கு முந்திய லேண்ட்மாஸ்டர் ஒன்று. சில வண்டிகளுக்குப் புது வண்டியில்கூட இல்லாத பளபளப்பு. கண்ணாடி துடைக்கத் தனி ஆள். எனக்கு அதில் பெரிய மரியாதை வரவில்லை. ஊட்டியிலிருந்து மலை இறங்கி வந்த ஒரு ஃபியட்டும், சேற்றோடு நின்ற ஒரு ஜீப்பும்தான் பிடித்தன. இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை 1905-க்கு முந்திய கார்களை மட்டும் நவம்பர் முதல் ஞாயிறன்று ஓட்டிப் போகும் வழக்கத்தைப் பற்றி ஒருவர் பேசினார். 1896-ல் வேக வரம்பை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்தியதைக் கொண்டாடி நடந்த ஊர்வலத்தின் தொடர்ச்சியாம் அது. தூரம் 60 மைல். விருதுநகரிலிருந்து வந்த என் தூரம் அதைப் போல இரண்டரைப் பங்குக்கு மேல் என்று மைத்துனர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வி.ஏ. எண் பற்றிக் கேட்டதற்குப் பதில் இரண்டு விதமாக வந்தது. வண்டியை மூடி வைத்து வருடம் இரண்டு முறை வெளியே எடுப்பவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள், மாறச் சொன்னார்கள். ஓட்டுகிறவர்கள் சாதாரணப் பதிவையே வைத்திருக்கிறார்கள். நானும் சாதாரணப் பதிவுக்கே மனுக் கொடுத்துவிட்டேன். சாத்தூருக்கு ஒரு கல்யாணத்திற்குப் போவதென்றால் சட்டப்படி போக வேண்டுமே.

ஆனால் அன்று எல்லோரும் ஆவலாகக் கேட்டது உடுமலைக் கடையைப் பற்றித்தான். கூட்டத்தில் நடந்த பேச்சில் பாதி, எந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதே. ஒருவர் பிரேக் சிலிண்டருக்காக எட்டு மாதம் அலைந்திருக்கிறார். அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் எம்.ஜி. கார் எஞ்சினுக்கு உறவு என்பதால் சில சாமான்களை அங்கிருந்து தருவிக்கிறவர்களும் உண்டு, செலவு கண்ணைக் கட்டும். இவர்களிடம் பணமும் தேவையும் இருந்தன, அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சரக்கு இருந்தது, இருவருக்கும் தொடர்பு இல்லை. அங்கேயே பன்னிரண்டு பேர் பங்கு போட்டு வாங்குவதாகச் சொன்னார்கள். விலை பேசும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உடுமலையில் இருப்பு எடுத்தோம், இதற்கு மட்டும் நான் பஸ்ஸில் போனேன். ரப்பர் சாமான்களில் பெரும்பாலானவை இறுகிப் போயிருந்தன, அவற்றுக்கு விலை இல்லை என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார். பின்னால் வந்த அம்பாசிடர்களுக்கும் பொருந்தும் சாமான்களுக்கு வெளிக்கடை விலையில் பாதி. மார்க் 2-க்கு மட்டும் ஆகும் சாமான்களில்தான் தகராறு. அவற்றுக்கு மார்க்கெட் விலை என்று ஒன்று கிடையாது. வாங்குகிறவர்கள் பழைய சீட்டு விலையைக் காட்டினார்கள், விற்கிறவர் நான் கொடுத்த 400 ரூபாயைக் காட்டினார். ஒரு சாமானை இன்று லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினால் என்ன ஆகும் என்று கோவையில் விசாரித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு என்று நான் சொன்னேன். இரண்டு பக்கமும் முணுமுணுத்தபடி சம்மதித்தார்கள்.

மொத்தம் 1,85,000 ரூபாய்க்கு முடிந்தது. பில் போட்டுத்தான் வியாபாரம். உதிரி பாகங்களுக்குச் சென்ற செப்டம்பர் 22 முதல் வரி 18 சதமாக இறங்கியிருப்பது இதில் உதவியாக இருந்தது. ஒரு லட்சம் உடனே கொடுத்துவிட்டார்கள். மீதி, சரக்கு முழுவதும் கோவைக்குப் போய்ச் சேர்ந்ததும். முதல் லோடு மாசியில் போயிற்று. அலமாரிகளையும் கேட்டார்கள், அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.