கறையானைக் கூலிக்கு வைத்த விவசாயி!

கறையான் என்றால் நமக்கு ஆகாது. வீட்டில் கண்டால் மருந்து அடிப்போம். தோட்டத்தில் கண்டால் புற்றை இடிப்போம். அந்தக் கறையானைக் கொண்டே கட்டாந்தரையை விளைநிலம் ஆக்கினார், ஒரு விவசாயி. அவர் பெயர் யாகூபா சவாதோகோ.

அவருடைய நாடு, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்க்கினா பாசோ. 1984-ம் ஆண்டு வரை அதற்கு மேல் வோல்டா என்று பெயர். அதன் வடக்கே யாத்தெங்கா என்ற வறண்ட சீமை இருக்கிறது. அங்கே கம்பும் சோளமும்தான் சாப்பாடு. எல்லாம் மானாவாரிப் பயிர்.

ஊரை விரட்டிய பஞ்சம்

1970-க்குப் பிறகு அங்கே மழை பொய்த்தது. மேல்மண் வெயிலில் காய்ந்து ஓடுபோல இறுகியது. பெய்த கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.

யாகூபா போகவில்லை. சந்தையில் வியாபாரம் செய்துவந்த அவர், 1980 வாக்கில் கடையைக் கட்டிவிட்டு நிலத்தில் இறங்கினார்.

குழியின் ரகசியம்

தரையில் குழி வெட்டி விதைப்பது அந்தச் சீமையின் பழைய வழக்கம். "ஸாய்" என்பார்கள். யாகூபா அதைத் திருத்தினார். குழியை ஒரு சாண் அகலத்துக்கும் மேலாகப் பெரிதாக்கினார். அரைச் சாண் ஆழம் வெட்டினார். கோடையிலேயே வெட்டி, குழிக்குக் குழி எரு போட்டார்.

எருவைத் தின்னக் கறையான் வந்தது. மண்ணைத் துளைத்து வழி போட்டது. மழை பெய்ததும் தண்ணீர் குழியில் நின்று, அந்த வழியாக ஆழத்துக்கு இறங்கியது. விதையும் அதே குழியில்தான். எருவும் ஈரமும் வேரடியிலேயே கிடைத்தன. கற்களை வரிசையாகப் பதித்து, ஓடுகிற தண்ணீரையும் மட்டுப்படுத்தினார்.

புல்லும் முளைக்காத தரையில், மழை குறைந்த ஆண்டிலும் எக்டேருக்கு, அதாவது 2½ ஏக்கருக்கு, 300 முதல் 400 கிலோ தானியம் எடுக்க இந்த முறை உதவியது.

ஆனால் உழைப்பு சாமானியம் அல்ல. ஒரு எக்டேருக்கு 10 ஆயிரம் குழிகளுக்கு மேல் வெட்டவேண்டும்!

ஏச்சும் தீயும்

மழைக்கு முன்பே குழி வெட்டியவரைப் பார்த்து, "பைத்தியம்" என்றார்கள். எருவில் கலந்திருந்த விதைகள் முளைத்து மரங்களாயின. அவற்றை வெட்டாமல் வளர்த்தார். அதற்கும் யாரோ தீ வைத்தார்கள். அவர் மறுபடியும் நட்டார். அது 25 எக்டேருக்கும் அதிகமான காடாக வளர்ந்தது.

பிறகு, ஏசியவர்களே கற்க வந்தார்கள். யாகூபா ஒளிக்கவில்லை. தன் நிலத்திலேயே ஆண்டுக்கு 2 தடவை சந்தை கூட்டினார். பல கிராமத்து விவசாயிகள் விதையையும் அனுபவத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

2018-ல் "மாற்று நோபல்" எனப்படும் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

நமக்கு என்ன?

எல்லா நிலத்துக்கும் இது பொருந்தாது. இறுகிப்போன தரைக்கு ஏற்றது. மணலில் குழி நிற்காது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் பயிர் அழுகும்.

ஆனால், கோடை உழவும் ஆட்டுக்கிடையும் அறிந்த நம் மானாவாரி விவசாயிக்கு இதன் அடிப்படை புதிதல்ல. விழுகிற மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். இருக்கிற கொஞ்ச எருவை வயலெங்கும் இறைக்காமல் வேருக்குக் கொடுக்கவேண்டும். பயன்படாமல் கிடக்கும் மேட்டு நிலத்தில் 5 சென்ட் அளவுக்கு வெட்டிப் பார்க்கலாம். செலவு, கொஞ்சம் எருவும் சில நாள் உழைப்பும்தான்.