முதல் பானையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

சென்னை, கோவை, புதுச்சேரி என்று எங்கே திரும்பினாலும் இப்போது மண்பாண்ட வகுப்புகள். ஞாயிறு காலை போனால் மதியமே ஒரு கோப்பை செய்துவிடலாம் என்கிறது விளம்பரம். செய்துவிடலாம்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆசிரியரின் கைவேலை. நம் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தி, கோணும் இடத்தில் நிமிர்த்தி, கடைசியில் அடியில் நம் பெயரைக் கீறச் சொல்வார். பொழுதுபோக்குக்கு அது போதும். வனையக் கற்பது வேறு சங்கதி.

அது மண்ணைப் பிசைவதில் தொடங்குகிறது. உள்ளே காற்றுக் குமிழ் தங்கினால், சுவர் எழுப்பும்போது சரியாக அந்த இடத்தில் விரல் தடுக்கும். மண் இறுகியிருந்தால் மணிக்கட்டு வலிக்கும். தளர்ந்திருந்தால் சுவர் நிற்காது. ஊர்ப்புறத்தில் இதற்காகவே மண்ணோடு மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள்.

பிசைந்த உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஓங்கி அறைந்து ஒட்டவைத்த பிறகுதான் உண்மையான பரீட்சை. மண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் உருண்டை ஆடும். கையையும் சேர்த்து ஆட்டும். புதியவர்கள் எல்லோரும் விரலால் அதை அடக்கப் பார்ப்பார்கள். அடங்காது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் உள்ளங்கை வழியாகச் செலுத்த வேண்டும். மண்ணைக் கூம்பாக மேலே ஏற்றி, மறுபடி அமுக்கி இறக்கி, திரும்பவும் ஏற்ற வேண்டும். நடுவுக்கு வந்துவிட்டால், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மண் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இது கைவராமல் அடுத்த படிக்குப் போனால், பிற்பாடு எழும் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும்தான் வரும்.

அடுத்து கட்டைவிரலால் குழி. அடியில் கொஞ்சம் கனம் விட்டுவைத்து, அதை விரலால் நன்றாக அழுத்திவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டவர்களுக்குக் காயும்போது அடிப்பாகத்தில் வளைந்த விரிசல் விழும். சுவர் எழுப்பும்போது உள்விரலும் வெளிவிரலும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். கை மெதுவாக ஏற வேண்டும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ஊறிய சுவர் பொத்தென்று உட்கார்ந்துவிடும்.

நல்ல ஆசிரியரை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாம் ஆசையாக முடித்த பாண்டத்தைக் கம்பியால் நெட்டுக்கு இரண்டாக அறுக்கச் சொல்வார். மனசு வலிக்கும். ஆனால் அந்த வெட்டுமுகம் ஒன்றும் மறைக்காது. பெரும்பாலும் கீழே விரல் கனத்துக்கு மண் தேங்கியிருக்கும். மேலே விளிம்பு தாள் மாதிரி மெலிந்திருக்கும். அடியிலிருந்தே மண்ணை இழுக்கவில்லை என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

மோட்டார் சக்கரத்தில் பழகுகிறவர்கள் ஒருமுறையாவது பழைய சக்கரத்தைப் பார்க்க வேண்டும். தரையோடு தரையாக, பாரமாக இருக்கும். கோலால் சுழற்றிவிட்டால், அந்த வேகம் ஓய்வதற்குள் பாண்டம் வனைந்து முடிந்திருக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைச் சக்கரத்திலேயே முழுதாக முடிப்பதும் இல்லை. அறுத்தெடுத்து, பாதி காய்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, வயிற்றை உருட்டுவார்கள். மானாமதுரையில் செய்யும் கடத்துக்கு நாதம் கிடைப்பதும் இப்படித் தட்டித்தான். பல குயவர் குடும்பங்களில் சக்கரம் ஆண்களுக்கு என்றும், தட்டும் வேலை பெண்களுக்கு என்றும் இருந்துவந்தது. இன்று நகரத்து வகுப்புகளில் சக்கரத்தின் முன் பெண்களே நிறைய உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த மாற்றம். அங்கே சொல்லித்தரும் இடத்தில் குயவர்களை அதிகம் பார்க்க முடியாதது பிடிக்கவில்லை.

இந்த நகரத்து மோகத்துக்கு ஒரு வேர் புதுச்சேரியில் இருக்கிறது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர்கள் 1971-ல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பழகியவர். சுமார் 1,300 டிகிரியில் சுடும் கல்பாண்டத்தை அவர்கள் கற்றுத்தந்தார்கள். அவர்களிடம் பழகியவர்கள் நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சூளையின் சூடு பொதுவாக 1,000 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதனால் மண்ணில் நுண்துளைகள் மூடாமல் நிற்கின்றன. பானை கசிகிறது, தண்ணீர் குளிர்கிறது. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று பேச இதில் இடமில்லை.

சேருவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆளுக்கொரு சக்கரம் உண்டா? பழகும் பாண்டங்களை அறுக்கச் சொல்வீர்களா? அருகில் குயவர் குடியிருப்பு இருந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். உரிய கூலி கொடுத்துப் பழகுங்கள். தொடக்கத்தில் செய்ததை எல்லாம் சுட்டு அலமாரியில் அடுக்க வேண்டாம். பச்சை மண்ணை ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடி வனையலாம். சூளைக்குப் போய்வந்த மண் திரும்பக் களிமண் ஆகாது.