தடைக்காலத்தில் வரும் அழைப்பு

ஏப்ரல் 15 வந்தால் வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட், என்ஜினுக்கு ரிப்பேர், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்று செலவு நடக்கும், வரவு நிற்கும். அந்த நாட்களில் ஒரு வீட்டில் செல்போன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அம்மா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இருந்து பேசுறோம். உங்க கார்டை இன்னிக்குள்ள புதுப்பிக்கலைன்னா ரத்தாயிடும். 500 ரூபாதான். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க.”

அந்த அம்மா ஏமாளி இல்லை. ஏலத்தில் ஒரு கூடை மீனைப் பார்த்த மாத்திரத்தில் விலை மதிப்பவர். வட்டிக் கணக்கை மனதிலேயே போடுபவர். பிறகு எப்படி அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறார்? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புத் தோட்டங்களில் கிடைத்திருக்கிறது.

கரும்பு விவசாயிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அறுவடையோடு மொத்தமாக வருகிறது. அதனால் ஒரே ஆள் ஒரே ஆண்டில் கொஞ்ச காலம் ஏழை, கொஞ்ச காலம் வசதியானவர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய ஆய்வாளர்கள் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதத்தினரின் பொருள் அடகில் இருந்தது. பின்னால் அது 4 சதவீதம். புதிர்களை விடுவிப்பதிலும், தூண்டுதலை அடக்கிச் சரியான விடை சொல்வதிலும் அதே ஆட்கள் அறுவடைக்கு முன் தடுமாறினார்கள், பின்னால் தேறினார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வு சொன்னது இதுதான்: பணக்கவலை மூளையின் கவனத்தில் ஒரு பங்கைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. மிச்சத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். இந்த முடிவு எல்லா இடத்திலும் பொருந்திவிடவில்லை. சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அமெரிக்கர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அறுவடைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும் தடைக்காலம் முடியக் காத்திருக்கும் மீனவருக்கும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்.

வட சென்னையில் பணக்கவலையோடு நோய்ப்பயமும் சேர்ந்துகொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து தொழிலை முடக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடியவர்கள் பலர். இங்கே காப்பீட்டு அட்டை ரத்தாகும் என்ற ஒரு சொல்லே போதும். ‘இன்னிக்குள்ள’ என்று மோசடிக்காரர் கெடு வைப்பது, நம் கையில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச யோசனையையும் பறிப்பதற்காகத்தான்.

மோசடிக்காரருக்கு வேண்டியது அந்த 500 ரூபாய் மட்டும் அல்ல, போனுக்கு வரும் அந்த எண், அதாவது ஓடிபி. ஓடிபி என்பது வீட்டுச் சாவி மாதிரி. அது எந்தப் பூட்டைத் திறக்கும் என்பது கேட்பவருக்குத்தான் தெரியும். சிலர் ‘விண்ணப்பப் படிவம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்புவார்கள். ஏபிகே என்று முடியும் அது படிவம் அல்ல, செயலி. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி நாம் சொல்லாமலே அவர்களுக்குப் போய்விடும். கைரேகை இன்னும் ஆபத்து. ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே வங்கியிலிருந்து பணம் எடுக்கும் வசதி நாட்டில் உண்டு. ரேகையைச் சிலிக்கோனில் வார்த்துத் திருடிய வழக்குகளும் உண்டு. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டிவைக்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

பெயர், பாலிசி விவரமெல்லாம் சரியாகச் சொல்கிறாரே என்று மலைக்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கிடைப்பது 2024 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவு தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொன்னார்; நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது இனி நம்பிக்கைக்கு ஆதாரம் ஆகாது.

யாருடைய செல்போன் எண்ணில் பதிகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை 2023-இல் வெளியானது. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்ததையும், தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததையும் அது காட்டியது. அத்தனையும் மோசடி என்று அர்த்தமில்லை. ஆனால் இடைத்தரகர் தன் எண்ணைப் பதிந்துவிட்டால் ஓடிபி அவர் கைக்குத்தான் போகும்.

சரி, தற்காப்பு என்ன? ‘விழிப்புடன் இருங்கள்’ என்பது யோசனை பாரமாகிவிட்ட மனதின் மேல் இன்னொரு பாரம். யோசிக்கத் தேவையே இல்லாத அடையாளம் வேண்டும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அது மாதிரி.

பணம் கேட்டால் முதல் கூண்டு. முதலமைச்சர் திட்டத்தில் குடும்பம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், பிரீமியம் அரசினுடையது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். சென்னைக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை, ராயபுரத்துக்குப் பக்கம்தான். சந்தேகத்துக்கு 1800 425 3993.

போனில் ஓடிபி, கைரேகை கேட்டாலோ கோப்பு அனுப்பினாலோ இரண்டாம் கூண்டு.

போனஸ், தள்ளுபடி என்றால் மூன்றாம் கூண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ யாருக்கும் பாலிசி விற்பதில்லை, போனஸ் தருவதும் இல்லை. ஏஜென்ட் தன் கமிஷனில் கழித்துத் தருவதாக ஆசை காட்டுவதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. தனியார் பாலிசியை ஏமாந்து வாங்கிவிட்டாலும், ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமே போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தொகையை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

கூண்டு ஏறிய பிறகு காசிமேட்டில் யாரும் வானத்தைப் பார்த்து வாதாடுவதில்லை. போனையும் அப்படியே வைத்துவிடலாம்.