இரவு இரண்டு மணிக்கு வரும் கேள்விகள்

தம்பி, ஃப்ரீசர் பாக்ஸும் அமரர் ஊர்தியும் வாடகைக்கு விடுகிறவர் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் என்னதான் போடுவது என்று கேட்டீர்கள். பெட்டியின் படம் போட்டாயிற்று, வண்டியின் படம் போட்டாயிற்று, '24 மணி நேர சேவை' என்று பெரிய எழுத்திலும் போட்டாயிற்று. அதற்கு மேல் கை ஓடவில்லை. சொந்தக்காரர்கள்கூட லைக் போடக் கூசுகிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அமரர் ஊர்தியின் படத்தை யார் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவார்கள்? விடிந்தும் விடியாமலும் அதைப் பார்க்கிற பெரியம்மாவுக்கு மனசு என்ன பாடுபடும்?

ஒரு பதிவைப் பகிர்கிறவர் தன் பெயரில்தான் அனுப்புகிறார். அனுப்பினால் 'நல்ல விஷயம் சொன்னாய்' என்று அவருக்குப் பேர் கிடைக்க வேண்டும், 'எதுக்குடா இந்த அபசகுனம்' என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. உங்கள் தொழிலில் ஒரு பதிவு தேறுமா தேறாதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடைப் பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அந்தப் பதிவு ஒரு வீட்டுக்கு உதவும் என்றால் போடுங்கள்.

அப்படிப்பட்ட விஷயத்தை எங்கே தேடுவது? உங்கள் போனிலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்ட கையோடு போனை வைத்துவிடுகிறார்களா? 'வீட்டிலேயே இறந்துட்டாங்க, டாக்டர் சர்டிபிகேட் வேணுமா?' 'துபாயிலிருந்து தம்பி வரணும், எத்தனை நாள் வைக்கலாம்?' 'தகன மேடைக்கு என்னென்ன கொண்டு போகணும்?' இப்படி வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். வெளியூர் ஏஜென்சிக்காரர் ஒருவரும் இதைத் தயாரித்துத் தர முடியாது. கேள்வி உங்களுக்குத்தான் வருகிறது. பதிலைச் சரிபார்த்து எழுதுவதுதான் மிச்ச வேலை. டீயைக் குடியுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இறப்புச் சான்றிதழில் ஆரம்பிப்போம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. இறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை சிறு தாமதக் கட்டணத்தோடு முடியும். அதைத் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், ஒரு வருடம் கடந்துவிட்டால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவே வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவலை ஆஸ்பத்திரியே தந்துவிடும். வீட்டில் இறந்தால் அது வீட்டாரின் பொறுப்பு. கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்பின் காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதி வாங்க வேண்டும். இது தெரியாமல் காரியமெல்லாம் முடிந்து பதினாறாம் நாள் கழித்து டாக்டரைத் தேடி அலைகிற வீடுகள் ஏராளம். பதினாறு போக மிச்சம் ஐந்தே நாள்.

இதில் இன்னும் உள்ளே ஒரு சங்கதி இருக்கிறது, தனிப் பதிவாகவே போடலாம். நம் ஊரில் ஒரே ஆளுக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் முன்னால் இருக்கும், பாங்க் பாஸ்புக்கில் இருக்கவே இருக்காது. துக்க வீட்டில் யாரோ ஒரு மாமா வாயால் சொன்ன பெயர் பதிவாகி, அதே பெயர் சான்றிதழில் வந்துவிடும். பிறகு வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், பட்டா மாற்றம் என்று போகிற இடமெல்லாம் முட்டும். 'பெயரை வாயால் சொல்லாதீர்கள், ஆதார் நகலைக் கொடுங்கள், பதிவாகும் முன் எழுத்தைச் சரிபாருங்கள்' என்ற மூன்று வரி போதும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார் என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது 436 ரூபாய். இதைப் போட்டால் உங்கள் ஊரைத் தாண்டியும் போகும் என்று நம்புகிறேன். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்தவர் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மே மாதக் கடைசியில், பாங்க் 436 ரூபாய் பிடிக்கும். 55 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரும். சுரக்ஷா காப்பீடு என்று இன்னொன்று உண்டு. அதற்குப் பிடிப்பது 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரை. கணக்கு ஆரம்பிக்கும்போது ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், மனைவிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. சித்தாள் வேலைக்குப் போன நாற்பது வயது ஆள் மாரடைப்பில் போய்விட்டார் என்றால், அந்த வீட்டுக்கு அந்த 2 லட்சம் என்னவென்று நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். 'பாஸ்புக்கில் 436 அல்லது 20 பிடித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதே கிளையில் போய்க் கேளுங்கள்' என்று பாஸ்புக் பக்கத்தில் அந்த வரியை வட்டமிட்ட படத்தோடு போடுங்கள். பாஸ்புக் உங்களுடையதாக இருக்கட்டும், கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள்.

கண் தானத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் தொழிலுக்கு உள்ள மரியாதை எனக்குப் புரிகிறது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நுழையும் முதல் வெளியாள் பல சமயம் ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவருகிற நீங்கள்தான். செய்ய வேண்டியது எளிது. இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மேலே ஓடும் ஃபேனை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்த வேண்டும். கண் வங்கிக்குச் சொன்னால் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. இறந்தவர் முன்கூட்டி எழுதித் தந்திருக்க வேண்டியதில்லை, வீட்டார் சம்மதித்தால் போதும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை வியாதி உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் எல்லோரும் தரலாம். வேறு நோய் காரணமாகக் கூடாதென்றால் டாக்டர்கள் முடிவு செய்துகொள்வார்கள். மதுரையில் அரவிந்த், சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதுவோ அதன் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இன்னொரு எண்ணும் போட வேண்டும். 155377. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைக் கட்டணமில்லாமல் எடுத்துச் செல்லும் அமரர் ஊர்தி சேவை அது. தமிழக அரசும் இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து நடத்துவது. 'அண்ணே, என் வண்டி ஓடாதே' என்பீர்கள். சில சவாரி போகத்தான் செய்யும். ஆனால் கையில் பணமில்லாமல் பிணவறை வாசலில் நிற்கிறவரிடம் நீங்கள் சம்பாதிக்க நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது ஊருக்கும் தெரியட்டும். வண்டி வைத்திருக்கும் ஆளே இலவச வண்டியின் எண்ணைச் சொல்கிறார் என்றால், அவர் சொல்கிற மற்றதையும் சனங்கள் நம்புவார்கள். பெட்டி, பந்தல், நாற்காலி என்று வேலை வரும்போது அந்த வீட்டார் உங்களைத்தான் நினைப்பார்கள்.

செல்போன் விஷயம் பலருக்குத் தோன்றாது. இறந்தவரின் சிம்மைச் சில மாதங்களாவது ரீசார்ஜ் செய்து வைத்திருக்கச் சொல்லுங்கள். எல்.ஐ.சி., கேஸ், கடன் தவணை, சீட்டு எல்லாவற்றின் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். என்னென்ன இருந்தது என்று வீட்டாருக்குத் தெரிய அதுவே வழி. கூடவே, அவருடைய ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்கக் கூடாது, பின்னால் வில்லங்கமாகும், பாங்குக்குத் தெரிவித்து முறையாக வாங்குங்கள் என்றும் எழுத வேண்டும்.

கண்ணீர் அஞ்சலி அட்டை இப்போது வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. அதைச் செய்துகொடுப்பது நல்ல வேலை. இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தலைப் பாருங்கள். பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய சகோதரி, கிரியை எந்த நாள் எந்த இடம் என்று வரிசையாக இருக்கும். டொராண்டோவில் இருப்பவர் அதைப் பார்த்த உடனே 'நம்ம ஊர் டீச்சர்' என்று அடையாளம் கண்டுகொள்வார். நம் ஊர் அட்டையில் தலைவர் படம், பூ, ஒளிவட்டம் எல்லாம் இருக்கும். எடுப்பு எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்காது. ஊர், உறவு, நேரம், இடம், தொடர்புக்கு ஆண் உறவினரோ பெரியவரோ ஒருவரின் எண் போதும். வயசுப் பெண்ணின் எண்ணையும் வீட்டு முழு முகவரியையும் பொது இடத்தில் போட வேண்டாம். சுடுகாட்டுக்கு எல்லோரும் போயிருக்கும் நேரம் எது என்பதும் அதில் இருக்கிறதே.

சடங்கு பற்றி எழுதுவதில் நிதானம் வேண்டும். கோடித்துணி யார் போடுவது, பால் தெளிப்பது எந்த நாள், பெண்கள் சுடுகாட்டுக்கு வரலாமா என்பதெல்லாம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். இதுதான் சரி என்று எழுதினால் கமெண்டில் சண்டைதான் மிஞ்சும். வாங்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு, 'உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இவற்றுக்கு முன்னால் படித்துறையில், கல்லறையில் என்ன ஏற்பாடு என்று விசாரித்துப் போட்டால் அது உதவி.

போடவே கூடாதது உடலின் படம். முகம் தெரியாவிட்டாலும் கூடாது. அழுகிற ஆட்கள், பூப் போட்ட பெட்டி, 'இன்று நமது சேவையில்' என்ற தலைப்பு எதுவும் வேண்டாம். ஒரு குடும்பம் தானாக நன்றி எழுதி அனுப்பினால்கூட உடனே எடுத்துப் போடாதீர்கள். காரியம் முடிந்து, ஆறிய பிறகு, போடலாமா என்று கேட்டு, சரி என்றால் பெயரில்லாமல் போடுங்கள். உங்கள் பையன்கள் கையிலும் போன் இருக்கிறது, அவர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மற்றபடி வடிவம் பெரிய வித்தையில்லை. ஒரு படத்துக்கு ஒரு விஷயம். அறுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்து. சோகப் பாட்டு வேண்டாம். கடைப் பெயரும் எண்ணும் அடியில் சின்னதாக. அதற்கு மேலே எந்த மாதம் சரிபார்த்தது என்று தேதி. தேதி முக்கியம், தம்பி. வாட்ஸ்அப்பில் போனது நாலு வருடம் கழித்தும் சுற்றும், கட்டணமும் எண்ணும் அதற்குள் மாறியிருக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, பதிவில் போட்ட எண்களை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை நீக்கிவிட்டுப் புதுத் தேதியோடு மறுபடி போடுங்கள். முதலில் 436 ரூபாய் பதிவைப் போடுங்கள். நாளைக்கே உங்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய் வரி அடித்து வாங்கி வாருங்கள், எழுத்து நான் பார்த்துத் தருகிறேன்.